சொல்லாமல் விற்கும் கலை: 'டிரெயின்ஸ்பாட்டிங்' திரைப்பட விளம்பரங்கள் – ஓர் ஆய்வு

முன்னுரை

திரைப்படம் அசையும், பேசும், பாடும். அதனை அறிமுகப்படுத்தும் அச்சு விளம்பரமோ அசைவும் ஒலியும் அற்றது. ஆயினும் படத்தோடு அதன் இசையையும் தாளின்மீதே விற்றாக வேண்டிய பொறுப்பு அதற்கு உண்டு. நகர வாழ்வின் இருண்ட பக்கத்தைக் காட்டும் படமாயின் இடர்ப்பாடு மேலும் பெருகும். துன்பத்தை உள்ளவாறே காட்டினால் மக்கள் விலகிச் செல்வர். முற்றிலும் மறைத்தால் விளம்பரம் பொய்யாகும். இவ்விடர்ப்பாட்டை விளம்பரக் கலை கடக்கும் வகையினை, 1996ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளிவந்த 'டிரெயின்ஸ்பாட்டிங்' என்னும் படத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் குறிப்பாகவும் புலப்படும் என்பது தொல்காப்பியர் கண்ட நெறி. விளம்பரத்தைப் பயில்வோர்க்கும் இப்பாகுபாடு துணைசெய்யும்.

படமும் சூழலும்

இர்வின் வெல்ஷ் எழுதி 1993இல் வெளிவந்த புதினத்தைத் தழுவி, டேனி பாயில் இப்படத்தை இயக்கினார். கதை நிகழும் களம் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோ. படப்பிடிப்பின் பெரும்பகுதி நிகழ்ந்ததோ கிளாஸ்கோ நகரில். ஹெராயின் என்னும் போதை மருந்துக்கு அடிமையான இளைஞர் சிலரின் வாழ்வே கதைப்பொருள். 1980களில் எடின்பரோவில் ஊசி வழியே போதை மருந்து கொண்டோரிடையே எச்.ஐ.வி. தொற்று மிக விரைவாகப் பரவியது. அக்கொடுமையின் நிழல் கதை முழுவதும் படிந்துள்ளது.

குறைந்த செலவில் உருவான இப்படத்தை வெளியிட்ட பாலிகிராம் நிறுவனம், விளம்பரத்திற்கென ஏறத்தாழ 8,50,000 பவுண்டு ஒதுக்கியது. இது படத்தைத் தயாரித்த செலவில் ஏறக்குறையப் பாதியாகும். படத்தை ஆக்குவதற்கு நிகராக அதன் தோற்றத்தை ஆக்குவதற்கும் கவனம் செலுத்தப்பட்டது என்பதற்கு இதுவே சான்று.

முகமும் பெயரும்

விளம்பர வடிவமைப்பை ஸ்டைலோரூஜ் என்னும் இலண்டன் நிறுவனம் ஏற்றது. லொரென்சோ ஏஜியஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களே அதற்கு அடிப்படை. ரென்டன், பெக்பி, டயான், சிக் பாய், ஸ்பட் ஆகிய ஐவரும் வெறும் வெண்திரையின் முன் தனித்தனியே நிற்கின்றனர். ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. இரயில் நிலையத்தில் நின்று வண்டிகளின் எண்களைக் குறித்துக்கொள்ளும் பொழுதுபோக்கினையே படத்தின் பெயர் சுட்டுகின்றது. அதற்கேற்ப எழுத்தமைப்பும் இரயில் நிலைய அறிவிப்புப் பலகையை நினைவூட்டுமாறு அமைந்தது.

யூவான் மெக்ரெகர் நடித்த ரென்டனின் தோற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உடல் முழுதும் நனைந்து, தன் கைகளாலேயே தன்னை இறுக அணைத்தவாறு அவன் நிற்கின்றான். ஏன் நனைந்தான்? எதனால் நடுங்குகின்றான்? சுவரொட்டி விடை கூறுவதில்லை. படத்தைப் பார்த்தவர்க்கு, போதை மருந்தைத் தேடிக் கழிப்பறைக்குள் அவன் மூழ்கும் காட்சி நினைவுக்கு வரும். பார்க்காதவர்க்கோ ஒரு வினா மட்டுமே எஞ்சும். அவ்வினாவே அவர்களைத் திரையரங்கிற்கு அழைக்கின்றது. இதனைக் குறிப்புப் பொருளின் ஆற்றல் எனலாம்.

நிறமும் இசையும்

கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நடுவே உறைப்பான ஆரஞ்சு நிறம் பயன்படுத்தப்பட்டது. பிரித்தானிய இருப்புப்பாதைப் பணியாளர் அணியும் பாதுகாப்பு ஆடையின் நிறமும் இதுவே. எச்சரிக்கையின் நிறமே ஈர்ப்பின் நிறமாகவும் ஆயிற்று. 2017இல் வெளிவந்த தொடர்ச்சிப் படத்தின் விளம்பரங்களும் இந்நிறத்தையே நாடின.

இசையை விற்ற முறை இங்கேதான் தொடங்குகின்றது. தனித்தனிப் படம், பெயர், நிமிர்ந்த பார்வை என்னும் இவை ஓர் இசைக்குழுவின் உறுப்பினரை அறிமுகம் செய்யும் முறையை ஒத்தவை. சுவரொட்டியின் முகங்களும் நிறமும் இசைத்தொகுப்பின் உறையிலும் இடம்பெற்றன. சுவரொட்டியைக் கண்டவர் கடையில் குறுந்தகட்டை உடனே அடையாளம் கண்டனர். குறுந்தகட்டைக் கையிலெடுத்தவர் படத்தை நினைத்தனர். ஒன்று மற்றொன்றுக்கு விளம்பரமாயிற்று.

தொகுப்பின் உள்ளடக்கமும் இவ்வாறே திட்டமிட்டது. இக்கி பாப், லூ ரீட் முதலியோரின் 1970களின் பாடல்களும், பல்ப், பிளர் முதலிய 1990களின் குழுக்களின் பாடல்களும் அதில் ஒருங்கே அமைந்தன. இதனால் இரு தலைமுறையினரை அது ஈர்த்தது. அண்டர்வேர்ல்ட் குழுவின் பாடலொன்று 1995இல் வெளிவந்தபோது பெரும் கவனம் பெறவில்லை. படத்தின் இறுதிக் காட்சியில் ஒலித்தபின், 1996இல் மீண்டும் வெளியிடப்பட்டுப் பிரித்தானிய விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்தை எட்டியது. அடுத்த ஆண்டிலேயே இரண்டாம் இசைத்தொகுப்பும் வெளியாயிற்று.

சொல்லாமல் விட்டவை

நகரத்தைப் பற்றிய படம் இது. சுவரொட்டியில் நகரம் இல்லை. போதையைப் பற்றிய படம், ஊசி இல்லை. கவனிப்பாரின்றி இறக்கும் குழந்தை ஒன்று படத்தில் உண்டு. அதன் சாயலும் விளம்பரத்தில் இல்லை. இவற்றினும் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. நண்பர் குழுவில் நோயுற்று இறப்பவன் டாமி. ஐவர் வரிசையில் அவனுக்கு இடமில்லை. அப்பாத்திரத்தை ஏற்ற கெவின் மெக்கிட், புகைப்படம் எடுத்த வேளையில் விடுமுறையில் இருந்தமையே காரணம். அது தற்செயலே. எனினும் உயிர் பிழைத்தவர் மட்டுமே சுவரில் நிற்க, மாண்டவன் மறைந்துபோனமை, விளம்பரத்தின் இயல்பையே நமக்கு உணர்த்திவிடுகின்றது. அழிவின் விலையைப் படம் காட்டியது. விளம்பரமோ அழிவின் தோரணையை மட்டும் எடுத்துக்கொண்டது.

விளம்பரத் தோற்றம் படத்தை முந்திச் செல்லும் என்பதற்கு மறுதலையான சான்றும் உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் 1996இல் போட்டியிட்ட பாப் டோல், இப்படம் போதையைப் போற்றுகின்றது எனக் கண்டித்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. படத்தைப் பாராமல் விரும்பியவரும், பாராமல் வெறுத்தவரும் ஒரே நிலையினரே.

முடிவுரை

அச்சு விளம்பரம் மூன்று வழிகளில் செயற்படுகின்றது எனத் துணியலாம். கதையை விடுத்து முகங்களை முன்னிறுத்துகின்றது. படத்தையும் இசையையும் ஒரே நிறத்தால், ஒரே வடிவால் பிணைக்கின்றது. துன்பத்தைக் குறிப்பாக்கி, அதன் கூர்மையை மழுக்குகின்றது. முதலிரண்டும் கலைத்திறன். மூன்றாவது, காண்போரின் விழிப்பை வேண்டி நிற்பது.

இலக்கியம் பயிலும் மாணவர், செய்யுளின் உள்ளுறையைத் தேடுவதுபோலவே சுவரொட்டியின் முன்னும் நின்று வினவுதல் வேண்டும். இங்கே நிற்பவர் யார்? நிற்காதவர் யார்? இவ்வினிய இசை எவருடைய துயரின் மேல் ஒலிக்கின்றது? இவ்வினாக்களை எழுப்பப் பழகியவர் படத்தையும் சுவைப்பர். விளம்பரத்தால் ஏமாற்றவும் படார்.