பார்ப்பவர் இருந்தால்...

பரிசளிப்பு விழாவில் நான் கிண்ணம் வாங்கியபோது, ஓட்டிசம் உள்ள என் தம்பி திரும்பியும் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டேன். பிறகு, காரணம் தேடி வாசித்தேன்.

கோழிகளிடையே கொத்தும் வரிசை ஒன்றுண்டு. மேலே நிற்பது முதலில் உண்ணும். ஆதி மனிதக் குழுக்களிலோ, பலத்தால் மட்டுமன்றித் திறமையால் மதிப்புப் பெற்றவருக்கும் உணவும் துணையும் கிடைத்தன. அதனாலேயே பிறர் மதிப்பை நாடும் இயல்பு நமக்குள் ஊறியது என்பர் பரிணாம ஆய்வாளர்.

2011இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில், ஒருவர் பார்த்திருந்தபோது ஏனையோர் கூடுதலாக நன்கொடை கொடுத்தனர்; ஓட்டிசம் உள்ளவர்களோ யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரேவிதமாகவே கொடுத்தனர்.

அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியல்லர். அவமதிப்பு அவர்களுக்கும் வலிக்கும். ஆனால், யாருமில்லாதபோதும் தன் பிஸ்கட்டில் பாதியை எனக்கு எடுத்து வைப்பவன் தம்பி. ஆட்கள் பார்க்கும்போது மாறுபவள் நான்தான்.