கணக்கியலும் ஆற்று வெள்ளமும்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பயிலும் என் மகள், நீடித்த வளர்ச்சியைத் துணைப்பாடமாக எடுக்க விரும்புகிறாள். பிரயோஜனம் உண்டா?
- ஒரு வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தாராளமாக எடுக்கட்டும். மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றோடு சங்கமித்து, உங்கள் பிரிக்பீல்ட்ஸை ஒட்டியே கிள்ளானை நோக்கி இறங்கும் ஆறு, 2021 டிசம்பரில் பெருக்கெடுத்தபோது ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியதன் காரணத்தை ஆராயப் புகுந்தால், மழையைக் கணிக்கும் விஞ்ஞானமோ, கால்வாயையும் மதகையும் அமைக்கும் பொறியியலோ, நில உபயோகத்தை நிர்ணயிக்கும் சட்டமோ தனித்து நின்று விடை கூற இயலாதென்பது பிரத்தியட்சம்; இத்துறைகளை இணைத்துப் பார்க்கக் கற்பிப்பதே நீடித்த வளர்ச்சிப் பாடம். கணக்கருக்கு இப்பாடம் ஜீவனோபாயமுங்கூட. பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் நிலைத்தன்மை அறிக்கையும் தரவேண்டுமென்பது புர்சா மலேசியாவின் விதி. ஆயினும் பிரதானப் பாடத்தில் சிரத்தை குறையலாகாது. துணைப்பாடத்திலும், உபதேசம் மிகுந்த வகுப்புகளை விடுத்து, நீரியல், சுற்றுச்சூழல் சட்டம் போன்றவற்றையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.