சிவப்புக் கோடு வரவில்லை என்றால் பிழையே இல்லையா?



போன ஆண்டு கோயில் அழைப்பிதழ் அச்சாகி வந்தது, 500 பிரதி. 'ஆண்டு விழா' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஆண்டு விலா'. விலா என்றால் உடம்பின் பக்கப்பகுதி! தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வாங்கிப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தட்டச்சு செய்தது நான்தான். "வேர்டுல சிவப்புக் கோடே வரலையே" என்றேன்.

உண்மைதான், வரவில்லை. என் கணினியில் தமிழுக்கான பிழைதிருத்தக் கருவியே இல்லை. அது இல்லாவிட்டால் வேர்டு தமிழைச் சோதிக்காமல் அப்படியே விட்டுவிடும். நாமோ எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம்.

முதலில் தமிழ் மொழித்தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். பிறகு தமிழ்ப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, 'ரிவியூ', 'லேங்குவேஜ்', 'செட் புரூஃபிங் லேங்குவேஜ்' என்று போய்த் தமிழைச் சொடுக்குங்கள். அங்கேயே 'டூ நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். நம்ம கடிதம் பாதி மலாய், பாதி தமிழ், கொஞ்சம் ஆங்கிலம் என்றுதானே இருக்கும்? ஒவ்வொரு பகுதிக்கும் அதன் மொழியைத் தனியாகக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதும் மலாய்க் கடிதம் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

பேனர் செய்பவர்கள் கவனியுங்க: முழுப் பெரிய எழுத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களை வேர்டு வழக்கமாகச் சோதிப்பதில்லை. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'புரூஃபிங்' பக்கத்தில் அந்த டிக்கை எடுக்கலாம்.

பழைய அழைப்பிதழைத் திறந்து வேலை செய்தால் இன்னொரு சிக்கல். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது திரையில் தமிழாகத் தெரியும், கணினிக்கோ அது ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சோதனை நடக்கும். 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் நம்ம மலேசியாக்காரர் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை.

இவ்வளவும் செய்தாலும் 'விலா' மாட்டாது. அதுவும் அகராதியில் உள்ள சொல்தானே! 'பணி' என்ற சொல் 'பனி'யானாலும் அப்படித்தான் தப்பிவிடும். மறுபக்கம், 'கோயிலுக்குள்ளேயும்தான்' போல உருபுகள் ஒட்டி நீண்ட சரியான சொல்லுக்கும் கோடு விழலாம். அதற்காக எரிச்சலில் எல்லாவற்றையும் 'ஆட் டு டிக்‌ஷனரி' கொடுத்துவிடாதீர்கள். பிழையைச் சேர்த்தால் அடுத்த முறை அதே பிழைக்குக் கோடே வராது. நன்கொடையாளர் பெயர், ஊர்ப் பெயர் இவற்றைச் சரிபார்த்துச் சேர்க்கலாம்.

'விழாவுக்கு சென்றோம்' என்பதில் 'ச்' விடுபட்டதை வேர்டு சொல்லும் என்று எதிர்பார்க்காதீங்க. சந்திப்பிழைக்கு நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி', எழுத்துப்பிழைக்கு அவருடைய 'வாணி' இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. அவை காட்டும் திருத்தத்தையும் படித்துப் பார்த்தே ஏற்க வேண்டும்.

இந்த ஆண்டு அழைப்பிதழ் தயாராகிவிட்டது. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெரியவரிடம்தான் முதலில் படித்துக் காட்டப் போகிறேன்.