வீட்டுத் தொழிலுக்கு வாட்ஸ்அப்: தொடங்குவோர் அறிய வேண்டியவை



சென்ற ரமலானுக்குச் சில நாட்கள் முன்பு ஒரு சகோதரி நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். கணவரை இழந்தவர். அவருடைய தம்பி ரப்பர்த் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருக்கிறார். தம்பியிடம் தேனை வாங்கி, அரைக் கிலோ பாட்டில்களில் அடைத்து அக்கம்பக்கத்தில் விற்று வந்தார் இந்தச் சகோதரி. அவர் கேட்டது பத்தாயிரம் ரூபாய் கடன். எதற்கு என்று கேட்டோம். ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுக்க, என்றார். அப்போது அவர் வீட்டில் இருந்த தேன் இருபது பாட்டில்கூட இல்லை.

நாங்கள் கடன் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மாலை முழுவதும் அவருடன் உட்கார்ந்து அவரது கைப்பேசியைச் சரிசெய்து கொடுத்தோம். புதிய சிம் கார்டு ஒன்றைத் தவிர வேறு செலவில்லை. அன்று சொல்லிக் கொடுத்தவற்றையும், நாங்கள் தவறிய இரண்டு இடங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். அச்சப்பம், முந்திரிக்கொத்து, ஊறுகாய், அபாயா தையல் என்று எது செய்பவருக்கும் இது பொருந்தும்.

முதலில் தொழிலுக்குத் தனி எண் வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018 ஜனவரியில் வந்தது; இலவசம்தான். சாதாரண வாட்ஸ்அப்பும் இதுவும் ஒரே கைப்பேசியில் இருக்கலாம், ஆனால் எண்கள் வேறாக இருக்க வேண்டும். உறவினர் பேசும் எண்ணிலேயே வியாபாரத்தையும் நடத்தினால், முன்பின் தெரியாதவர்கள் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள். வீட்டு விசேஷப் படங்களை ஸ்டேட்டஸில் வைத்தால் அவர்களும் பார்ப்பார்கள். தனி எண்ணில் கடையின் பெயரை வையுங்கள். முகப்புப் படமாகப் பொருளின் படம் போதும். பெண்கள் முகத்தையோ குரலையோ காட்டித்தான் விற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கடை நேரத்தைக் குறித்துவிட்டால், அந்த நேரத்துக்கு வெளியே வரும் செய்திக்கு "காலையில் பதில் தருகிறோம்" என்று செயலியே பதில் சொல்லிவிடும். கேட்டலாக் என்ற பகுதியில் பொருள்களின் படம், விலை, அளவு எல்லாவற்றையும் ஒருமுறை ஏற்றி வைத்தால், கேட்பவருக்கெல்லாம் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

அடுத்து, யாருக்கு அனுப்புவது? பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். எனவே தொடக்கத்தில் உங்கள் முக்கியமான வேலை, ஏற்கெனவே வாங்குபவர்களிடம் நேரில் சொல்லி எண்ணைப் பதிய வைப்பதுதான். நாற்பது பேர் பதிந்தாலே நல்ல தொடக்கம். ஜமாஅத் குழுக்களில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். மய்யித்துச் செய்திக்கு அடுத்த வரியில் முறுக்கு விளம்பரம் வருவதை நாங்களே பார்த்திருக்கிறோம். அந்த முறுக்கை யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை. இன்ஸ்டாகிராம் துணிக்கும் கைவேலைக்கும் நன்றாகப் பயன்படும், அதிலும் தொழில்முறைக் கணக்கு இலவசமே. ஆயினும் முதல் மூன்று மாதம் ஒன்றை மட்டும் ஒழுங்காக நடத்துங்கள்.

படம் எடுப்பது பெரிய வித்தை அல்ல. காலை வெளிச்சத்தில், திண்ணையில், பின்னால் வெற்றுச் சுவர் தெரியும்படி வைத்து எடுங்கள். நம் மலையடிவாரத்தில் மழைக்காலத்துப் பகல் இருண்டே கிடக்கும். வெயில் தெரியும் நாளில் நாலைந்து படம் சேர்த்து எடுத்து வைத்துக் கொள்ளலாம். முக்கியமான விஷயம் வேறு: அது உங்கள் பொருளின் படமாக இருக்க வேண்டும். கூகுளில் எடுத்த அழகான தேன்கூடு வேண்டாம். நிறத்தைக் கூட்டும் ஃபில்டரும் வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். இந்தச் சம்பவம் முஸ்லிம் நூலில் வருகிறது. சந்தையில் வாங்குபவராவது குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கலாம். கைப்பேசியில் வாங்குபவருக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே ஈரத்தை மேலே வைக்கும் பொறுப்பு முழுவதும் விற்பவருடையது.

தேனில் அந்த ஈரம் எது? ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் தை, மாசி, பங்குனி மாதங்களில் தளிர்க் காம்பில் ஊறுவதையே தேனீக்கள் எடுக்கின்றன, பூவிலிருந்து அல்ல. இந்தத் தேன் சீக்கிரமே சீனி போல உறையும். வாங்கியவர் அதைப் பார்த்துச் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். உங்களிடம் சொல்லாமல் பத்துப் பேரிடம் சொல்வார். அதை முன்கூட்டியே நீங்களே சொல்லிவிட்டால், குறையாகத் தெரிய வேண்டியது நம்பிக்கையாக மாறுகிறது. அன்று நாங்கள் எழுதிக் கொடுத்த செய்தி இது:

"ரப்பர்த் தோட்டத் தேன், இந்த மாசியில் எடுத்தது. அரைக் கிலோ 250 ரூபாய். நாளானால் உறையும்; இளஞ்சூட்டு நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். பேச்சிப்பாறை, குலசேகரத்தில் வீட்டுக்கே தருவோம். வெளியூருக்கு அஞ்சல் செலவு தனி. 18 பாட்டில் இருக்கிறது."

விலை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, பொய் இல்லை. "விலைக்குத் தனியாகக் கேட்கவும்" என்று போடுவதை விட்டுவிடுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற எண்ணம்தான் வரும். சர்க்கரை நோய் தீரும் என்றும் எழுதக் கூடாது. தேனைப் பற்றிய ஆயத்தை லேபிளில் அச்சிடுவதும் சரியல்ல. காலியான பாட்டில் எங்கே போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் தவறிய முதல் இடம் இந்த லேபிள்தான். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மகிழ்ச்சியில், அதையும் லேபிளில் சேர்க்கச் சொல்லிவிட்டோம். அந்தக் குறியீட்டை அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்தவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று பிறகுதான் படித்தோம். ஒட்டிய லேபிள்களைக் கிழித்து மாற்ற வேண்டியதாயிற்று. கன்னியாகுமரி கிராம்பு, மட்டிப்பழம் விற்பவர்களும் இதைக் கவனத்தில் கொள்ளவும். லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டியவை பொருளின் பெயர், தயாரித்தவர் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்குத் தொலைபேசி எண். உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் வேண்டும். 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரையுள்ள சிறு வியாபாரிக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் எளிய பதிவை வகுத்தன. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்குப் பணம் கேட்டு வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். நம் ஊருக்குரிய இன்னொரு சிக்கல், களியக்காவிளைக்கு அப்பால் வேறு மாநிலம். வரி உள்ள பொருளைக் கேரளத்துக்கு விற்றால், விற்பனை எவ்வளவு சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து ஆர்டர் வரத் தொடங்கினால் கணக்கரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இங்கே ஃபிக்ஹு சம்பந்தமாக இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சகோதரிகள் பலர் மொத்த வியாபாரியின் குழுவில் வரும் நைட்டி, அபாயா படங்களை விலையேற்றி அப்படியே மற்றவருக்கு அனுப்புகிறார்கள். பொருள் கையில் இல்லை. ஆர்டர் வந்த பிறகுதான் வாங்கப் போகிறார்கள். தம்மிடம் இல்லாததை விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுப்பது பற்றி ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) கேட்டபோது, நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். இதற்கு வழி இருக்கிறது. மொத்த வியாபாரியிடம் பேசி, அவருடைய முகவராக, இத்தனை ரூபாய் கமிஷன் என்று நிர்ணயித்துக் கொண்டு விற்கலாம். அல்லது ஐந்து உருப்படியையாவது வாங்கிக் கையில் வைத்துக் கொண்டு விற்கலாம். துணியைத் தொட்டுப் பார்க்காமல் தரத்துக்கு வாக்குக் கொடுக்கும் சங்கடமும் அதில் தீரும். இரண்டாவது, முன்பணம். மதீனாவில் பேரீச்சம் பழத்துக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வந்தார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்று நபியவர்கள் நெறிப்படுத்தினார்கள். பெருநாளுக்கு முந்திரிக்கொத்து ஆர்டர் எடுப்பவர் இதை அப்படியே செய்யலாம்: இரண்டு கிலோ, இன்ன தேதி அஸருக்குள், முழுப் பணம் பெற்றோம் என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதி, அவர் "சரி" என்று பதில் தந்த பிறகு மாவைப் பிசையுங்கள்.

இரண்டாவது தவறுதான் எங்களுக்கு அதிகம் வலிக்கிறது. பணம் வாங்கும் முறையை அன்று நாங்கள் விளக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, பட்டாளத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் பத்துப் பாட்டில் கேட்டிருக்கிறார். ஒரு க்யூஆர் படத்தை அனுப்பி, இதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டால் பணம் உங்களுக்கு வந்துவிடும் என்றிருக்கிறார். அந்தச் சகோதரியின் மகன் போட்டான். கணக்கிலிருந்து 2,500 ரூபாய் போய்விட்டது. பத்துப் பாட்டில் தேனின் விலை. பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை, பின் எண்ணும் தேவையில்லை. பின் எண் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். பணம் கட்டிவிட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள், கணக்கில் ஏறியதா என்று பார்த்த பின்பே பொருளைக் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். அந்தப் பிள்ளை இரண்டு நாள் உம்மாவிடம் சொல்லவே இல்லை. அந்த இரண்டு நாள்தான் போன நாள்.

அவர் இப்போதும் விற்கிறார், அல்ஹம்துலில்லாஹ். எண்ணைப் பதிந்தவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். தேன் காலம் முடிந்ததும் அதே எண்ணில் மிளகும் கிராம்பும் விற்கத் தொடங்கினார். ஒரு நோட்டில் தேதி, பெயர், பொருள், தொகை, எப்படித் தெரிந்து வந்தார் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி வருகிறார். அந்த ஐந்தாவது கட்டத்தைப் பார்த்தால், பெரும்பாலோர் ஏற்கெனவே வாங்கியவர் சொல்லி வந்தவர்கள். விளம்பரத்துக்குப் பணம் செலவழிப்பதா என்பதை அந்த நோட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வருகிற ஆர்டரையெல்லாம் கொடுத்த பிறகும் சரக்கு மிஞ்சினால் யோசிக்கலாம், அதுவும் லாபத்திலிருந்து எடுத்த சிறு தொகையில். இதற்காக உடனடிக் கடன் செயலிகளின் பக்கம் போய் வட்டியில் விழ வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இருப்போம். புதிய சிம், ஆதார் அட்டை, உங்கள் பொருளில் ஒன்று, நோட்டு ஒன்று எடுத்து வாருங்கள். மகனையோ பேத்தியையோ அழைத்து வரலாம். ஆனால் நாளை செய்திக்குப் பதில் எழுதப் போவது நீங்கள் என்பதால் கைப்பேசியை உங்கள் கையில்தான் கொடுப்போம். கண்ணாடி போடுகிறவர்கள் அதை மறக்காமல் கொண்டு வரவும்.