ஜனவரியிலேயே கிளம்புங்கள்

மூளை முடக்குவாதம் உள்ள என் மகன் இப்போது வேலைக்குப் போகிறான். பிள்ளையைச் சாதாரணப் பள்ளியில் சேர்ப்பதா, சிறப்புப் பள்ளியிலா என்று கேட்டு வருகிற இளம் பெற்றோரிடம் நான் சொல்பவை இவை.

1. உரிமையைத் தெரிந்துகொண்டு போங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 31: குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். "இங்கே சரிப்படாதும்மா" என்று தலைமையாசிரியர் சொன்னால் அது அவர் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

2. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். "பேர் கெட்டுப்போகும்" என்று தயங்கிய குடும்பங்கள் பிறகு தேர்வுச் சலுகைக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

3. ஆண்டுவிழாவில் எல்லாப் பள்ளியும் அழகுதான். சாதாரண நாளில், இடைவேளை நேரத்தில் போய்ப் பாருங்கள். முதலில் கழிப்பறை. என் மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே திரும்பி வரும். மூன்று மாதம் திட்டினேன். அங்கே கழிப்பறைக்கு இரண்டு படி ஏற வேண்டும். யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டு, குடிக்காமலே இருந்திருக்கிறான். கட்டடத்தை மட்டும் பார்த்துச் சேர்த்தவள் நான்.

4. அரசுப் பள்ளி என்றால், வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் எந்தெந்த நாள் வருவார் என்று கேளுங்கள். மற்ற நாளில் பிள்ளை என்ன செய்யும் என்றும் கேளுங்கள். கடைசி பெஞ்சில் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பது சேர்ந்து படிப்பதாகாது. சிறப்புப் பள்ளியில் கேட்க வேண்டியது வேறு: இங்கிருந்து எத்தனை பேர் வெளிப் பள்ளிக்கு மாறியிருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

5. காது கேளாத குழந்தைக்கு என் கணக்கே வேறு. சைகை மொழி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத வகுப்பில் அது தனித்தீவு. முதலில் மொழி வரட்டும். பாளையங்கோட்டையில் நூறாண்டு தாண்டிய காது கேளாதோர் பள்ளி இருக்கிறது.

6. உறவினர்களைக் கூட்டி ஆலோசனை கேட்காதீர்கள்.

7. இது ஒருமுறை எடுத்து முடிகிற முடிவு இல்லை. இரண்டாம் வகுப்போடு என் மகனைச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றினேன். வாக்கர் பிடித்து நடக்கக் கற்றது அங்கேதான். ஆறாம் வகுப்புக்குத் தெருமுனை அரசுப் பள்ளி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைச் சொல்வதை எழுதுபவர் துணையோடு, ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெற்று எழுதினான்.

8. ஜூனில் பள்ளி திறந்துவிடும். ஜனவரியிலேயே பார்க்கக் கிளம்புங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.