எந்த நூல் குறைவாக அறுகிறது? தறிக்காரர்களுக்கு ஒரு கணக்கு

விசைத்தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் தறியை நிறுத்த வேண்டும். அறுந்த முனையைத் தேடி எடுத்து, விழுதில் கோத்து, அச்சில் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். கவனிக்காமல் ஓட்டிவிட்டால் சேலையில் கோடு விழும், விலை இறங்கும். அதனால்தான் "இந்த நூல் அவ்வளவாக அறுவதில்லை, கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுங்கள்" என்று ஒரு வியாபாரி சொன்னால் இளம்பிள்ளைப் பட்டறைக்காரர் அதைச் சோதித்துத்தான் ஆக வேண்டும். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை இதற்குத் தோதானது. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட முறை இது. கையில் கொஞ்சம் அளவுகளே இருக்கிறவர்களுக்காகவே பிறந்தது.

முதலில், எதை எண்ணுவது என்று முடிவு செய்யுங்கள். ஷிப்டுக்கு இவ்வளவு என்று எண்ண வேண்டாம். கரண்ட் போன ஷிப்டில் இழையும் குறைவாகத்தான் அறும். ஒரே டிசைனில் ஐந்து சேலை நெய்து முடிப்பதற்குள் எத்தனை இழை அறுந்தது என்று தறிவாரியாக நோட்டில் குறியுங்கள்.

அடுத்து, "இரண்டு நூலுக்கும் வித்தியாசம் இல்லை" என்பதையே தொடக்கக் கருத்தாக வையுங்கள். இதுதான் இன்மைக் கருதுகோள். அதைத் தள்ளும் அளவுக்குச் சான்று கிடைக்கிறதா என்பதே கேள்வி. வித்தியாசமே இல்லாதபோது தவறாக 'உண்டு' என்று சொல்ல எவ்வளவு இடம் தருவது என்ற 5 சதவீத வரம்பையும் எண்ணத் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். விடையைப் பார்த்த பிறகு வரம்பை மாற்றினால் சோதனைக்கே அர்த்தம் இல்லை.

முடிந்தால் ஒரே தறியில் இரண்டு நூலையும் ஓட்டுங்கள். தறிக்குத் தறி குணம் வேறு. பழைய தறியில் எந்த நூல் போட்டாலும் அதிகம் அறும். பாதித் தறிகளில் பழைய நூல் முதலில், மீதியில் புது நூல் முதலில். எந்தத் தறிக்கு எது முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.

ஆறு தறிகளில் பழைய நூலின் எண்ணிக்கையிலிருந்து புதியதைக் கழித்தால் 4, 2, 5, -1, 3, 5 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3. திட்ட விலக்கம் 2.28. அதை 6இன் வர்க்கமூலமான 2.45ஆல் வகுத்தால் 0.93. மூன்றை 0.93ஆல் வகுத்தால் டி-மதிப்பு 3.22. ஐந்து கட்டின்மை அளவுகளுக்கு (தறிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) டி-அட்டவணை தரும் 5 சதவீத எல்லை 2.571. நம் மதிப்பு அதைத் தாண்டிவிட்டதால் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லலாம்.

ஒரே தறியில் ஓட்ட வழியில்லை, வெவ்வேறு தறிகள்தான் என்றால், சிதறல் வேறுபடும் இரண்டு குழுக்களை ஒப்பிடும் வெல்ச் முறை. இங்கிலாந்தின் புள்ளியியலாளர் டிப்பெட் தந்த புகழ்பெற்ற தறிக் கணக்கைப் பாருங்கள். இரண்டு கம்பளி நூல், ஒவ்வொன்றுக்கும் 27 அளவுகள். சராசரி 31.04, 25.26, திட்ட விலக்கம் 15.85, 9.30. விலக்கங்களை வர்க்கமாக்கி, 27ஆல் வகுத்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 3.54. சராசரி வித்தியாசம் 5.78. டி-மதிப்பு 1.63தான், எல்லை சுமார் 2.02. ஆறு இழை வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தும், சிதறல் அதை விழுங்கிவிட்டது.

ஆனால் அதே கணக்கைப் பாவின் இழுவிசைப்படி பிரித்தால் கதை மாறுகிறது. தளர்ந்த பாவில் 44.56, 28.22, நடுத்தர இழுவிசையில் 24, 28.78. அதாவது ஓர் இழுவிசையில் மோசமான நூல் இன்னொன்றில் நல்லதாக இருக்கிறது. எனவே இழுவிசையை ஒரே அளவில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எக்செலில் டி.டெஸ்ட் ஃபார்முலாவின் கடைசி எண்ணாக 1 போட்டால் ஜோடி முறை, 3 போட்டால் வெல்ச் முறை. விடை 0.05க்குக் கீழே வந்தால் வித்தியாசம் உண்டு.

கடைசியில் ரூபாய்க் கணக்கு. நம் ஆறு தறி உதாரணத்தில் 2.571ஐ 0.93ஆல் பெருக்கினால் 2.4. சராசரி 3இலிருந்து இதைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால், ஐந்து சேலைக்கு மிச்சமாகும் இழைகள் 0.6 முதல் 5.4 வரை எங்கும் இருக்கலாம். 0.6 இழை மட்டும் மிச்சமானாலும் கூடுதல் விலை கட்டுபடியானால் நூலை வாங்குங்கள். 5.4 மிச்சமானால்தான் கட்டும் என்றால் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் இன்னும் சில தறிகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.