வந்து மறையும் விளக்கு

கேள்வி: அனுப்பர்பாளையத்தில் எவர்சில்வர் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறேன். என் கார் 2020-ல் வாங்கிய பெட்ரோல் வண்டி, 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக ஒரு தொல்லை. அவிநாசி ரோட்டிலிருந்து பட்டறைச் சந்துக்குள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பி, அங்கிருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கினால் டேஷ்போர்டில் இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிகின்றன. ஒன்றில் ஏபிஎஸ் என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் சறுக்கும் கார் படம். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் போய்விடுகிறது. நாலு நாள் வராது. மழை பெய்தால் அன்றைக்கே வந்துவிடும்.

இது போதாதென்று, ரயில்வே மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக் போட்டால் சிவப்பு பிரேக் விளக்கு மின்னி மறைகிறது. இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டேன். அப்போது மஞ்சள் விளக்குகள் எரியவில்லை. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. ஒரு ஒர்க்ஷாப்பில், "ஏபிஎஸ் யூனிட்டே போயிருச்சுங்க, மாத்தித்தான் ஆகோணும்" என்று நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கணக்குச் சொன்னார்கள். இன்னொருவர், "விளக்கு வர்ற கனெக்‌ஷனைக் கழட்டி விட்டுட்டா தொந்தரவு இல்லைங்க" என்றார். அடுத்த மாதம் குடும்பத்தோடு கோத்தகிரி வழியாக ஊட்டி போவதாக இருக்கிறோம். போகலாமா? யூனிட்டை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: ஊட்டிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிவப்பு விளக்கு ஏன் மின்னுகிறது என்று தெரியும்வரை மலை ஏற வேண்டாம். தெரிந்து, சரிசெய்த பிறகு தாராளமாகப் போகலாம். யூனிட்டை மாற்ற இப்போதைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். விளக்கின் இணைப்பைக் கழற்றும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த விளக்கை அணைத்துவிட்டால், குழந்தைகளோடு போகும் வண்டியில் பிரேக் ஆயில் ஒழுகினாலும் உங்களுக்குச் சொல்ல ஆளிருக்காது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரு வரி: "அப்போது மஞ்சள் விளக்குகள் எரியவில்லை." இரண்டு பழுதுகள் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. அவற்றை ஒன்றாக நினைத்ததால்தான் ஏபிஎஸ் யூனிட் என்ற பெரிய பெட்டியின்மேல் பழி விழுந்திருக்கிறது.

சிவப்பை எடுத்துக்கொள்வோம். அந்த விளக்கைப் பெரும்பாலான கார்களில் மூன்று காரணங்கள் எரியவைக்கும். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்காமல் இருப்பது ஒன்று. பிரேக் ஆயில் குறைவது இன்னொன்று. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் அழுத்தத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் இபிடி என்ற வேலை நின்றுபோவது மூன்றாவது. மூன்றாவதாக இருந்தால் ஏபிஎஸ் மஞ்சளும் சேர்ந்தே எரியும். அப்படிச் சிவப்பும் மஞ்சளும் ஒன்றாக எரிந்தால் அது ஆபத்தான நேரம். அழுத்திப் பிரேக் போட்டால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டியின் வால் சுற்றிவிடலாம். ஓரமாக நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

உங்களுக்குச் சிவப்பு தனியாக, அதுவும் இறக்கத்தில் பிரேக் போடும்போது மட்டும் மின்னுகிறது. பானெட்டைத் திறந்தால் தெரியும் பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஒரு சிறு மிதவை இருக்கிறது. ஆயில் மட்டம் குறைந்திருந்தால், இறக்கத்திலும் பிரேக் போடும்போதும் ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கும். மிதவை ஒரு கணம் கீழே போய் விளக்கை மின்னவைக்கும். சமதளத்துக்கு வந்ததும் மறைந்துவிடும். நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே இதுதான்.

உடனே கடைக்குப் போய் ஆயில் வாங்கி ஊற்றிவிடாதீர்கள். ஆயில் ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி. பிரேக் பேட் தேயத் தேய, சக்கரத்திலுள்ள பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து ஆயில் இறங்கும். 71,000 கிலோமீட்டரில் பேட் தேய்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. புதுப் பேட் போட்டால் ஆயில் தானாக மேலே வந்துவிடும். பேட் நன்றாகத் தடிமனாக இருந்தும் ஆயில் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும், பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் அடியையும் டார்ச் அடித்து ஈரம் தேடச் சொல்லுங்கள். ஒழுக்கு கண்டால் அன்றைக்கே சரிசெய்தாக வேண்டும்.

ஆயிலை முழுதாக மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வேலையோடு அதையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதற்கு 155 டிகிரிதான் அளவு. டாட் 3-க்கு அது 205, 140. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடு எவ்வளவு ஏறும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயிலில் இருக்கும் நீர் ஆவியானால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. உங்கள் வண்டிக்கு எந்த வகை என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். அதைத் தவிர எஞ்சின் ஆயில், கியர் ஆயில் எதுவும் ஒரு சொட்டுகூட அதில் விழக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் கெடும்.

இனி மஞ்சள். சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு, வண்டி நிலைதவறாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்புக்கு உரியது. ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. இஎஸ்பி என்பது பலருக்கும் தெரிந்த பெயர். 1995-ல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் சேர்ந்து பெரிய காரில் கொண்டுவந்தார்கள். 1997-ல் சுவீடனில் ஒரு பத்திரிகை சோதனை செய்தபோது மெர்சிடிஸின் சின்னக் காரான ஏ-கிளாஸ், குறுக்கே வந்த மானைத் தவிர்க்கத் திருப்புவது போன்ற வளைவில் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தச் சின்னக் காரிலும் இது கட்டாயப் பொருத்தமாயிற்று. நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியில் அது இருந்தே தீரும். இஎஸ்பி-யும் இருப்பது உங்கள் நல்ல நேரம்.

இரண்டுமே நம்பியிருப்பது நாலு சக்கரத்திலும் உள்ள வேக சென்சாரைத்தான். அதோடு ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது, வண்டி எவ்வளவு சுழன்றது என்று சொல்லும் இரண்டு சென்சார்களையும் இஎஸ்பி கேட்டுக்கொள்ளும். ஒரே ஒரு சக்கரத்தின் சேதி ஒரு நொடி வராமல் போனாலும் போதும், தப்பான கணக்கில் பிரேக்கைத் தொட்டுவிடக் கூடாதென்று அமைப்பு தானே ஒதுங்கிக்கொண்டு விளக்கைப் போடும். ஒரு வயர் பழுதுக்கு இரண்டு விளக்கு எரிவது இப்படித்தான். அப்போது சாதாரண பிரேக் வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் ஈர ரோட்டில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்; முன் வண்டியோடு வழக்கத்தைவிட இரட்டிப்பு இடைவெளி விடுங்கள்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கிறீர்கள், சக்கரம் தூக்கிப் போடுகிறது, மழை பெய்கிறது. இந்த மூன்றும் ஏபிஎஸ் யூனிட்டை அனேகமாக ஒன்றும் செய்வதில்லை. மூன்றும் பாதிக்கும் இடம் ஒன்றுதான்: முன் சக்கர சென்சாரிலிருந்து ஷாக்கப்சர் ஓரமாக ஏறி உடலுக்குள் போகும் அந்த வயர். ஒவ்வொரு திருப்பத்திலும் அது மடங்கி நீள்கிறது. சில வருடத்தில் மேலுறை நன்றாகவே இருக்கும். உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். நுனிகள் தொட்டுக்கொண்டிருக்கும்வரை வேலை செய்யும், இழுபட்டால் விடும். வயரை விரல்களில் பிடித்துச் சிறிது சிறிதாக மெல்ல இழுத்துப் பார்த்தால், அறுந்த இடம் மட்டும் ரப்பர் மாதிரி நீளும். கம்பி இருக்கும் இடம் நீளாது. இந்தச் சோதனைக்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டும். செல்போனோடு சேர்த்துப் பயன்படுத்தும் மலிவு ஸ்கேனர்களில் பல எஞ்சின் பழுதை மட்டும்தான் படிக்கும். "ஒண்ணும் இல்லை" என்று அது சொன்னால் நம்பாதீர்கள். ஏபிஎஸ்ஸைப் படிக்கும் கருவி உள்ள இடத்துக்குப் போங்கள். போவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டாம், வண்டி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடான 'கோடை' வேறு யாரையும் அழிக்கவும் விடாதீர்கள். சில வண்டிகளில் நினைவு அழிந்துபோகும். பிறகு பழுது மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். கோடு எண்ணைத் திரையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவான வரிசையில் சி0035 என்றால் இடது முன் சக்கரம், சி0040 வலது முன் சக்கரம். சில கம்பெனிகள் சொந்த எண் வைத்திருக்கும். இடது என்றால் நம் ஊரில் டிரைவர் பக்கம் அல்ல, பக்கத்து சீட் பக்கம். வெளிநாட்டு வீடியோ பார்த்து எதிர்ப்பக்கத்துச் சென்சாரை மாற்றி ஏமாந்தவர்கள் உண்டு.

கோடு மட்டும் போதாது. கருவியில் நாலு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் ஓடவிட்டு, ஆளில்லாத ரோட்டில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். பிறகு அதே சந்து, அதே வேகத்தடை. மூன்று எண்கள் சேர்ந்து நகர, ஒன்று மட்டும் பூஜ்ஜியத்துக்குத் தாவினால் குற்றவாளி அந்தச் சக்கரம்தான். அங்கே சென்சார், வயர், வயரை இணைக்கும் கப்ளர் மூன்றில் எது என்று அதன் பிறகு பிரிக்கலாம். மழையோடு சம்பந்தம் இருப்பதால் கப்ளரைத் திறந்து பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது. பித்தளையிலும் செம்பிலும் களிம்பு எப்படி ஏறும் என்பதை அனுப்பர்பாளையத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: புதுக் கார்களின் சென்சாருக்குள் சின்ன மின்னணுச் சுற்று இருக்கும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அதை அளந்தால் சரியான விடை வராது; சென்சார் கெட்டுப்போகவும் கூடும்.

சென்சாரைக் கழற்றினால் அதன் நுனியையும், அது பார்க்கும் வளையத்தையும் கவனியுங்கள். பல கார்களில் அந்த வளையம் பேரிங் சீலிலேயே பதித்த காந்தம். பட்டறைக்குள்ளேயே வண்டி நிற்கிறதா? பித்தளைத் தூள் காந்தத்தில் ஒட்டாது. எவர்சில்வர் தகடும் வாங்கும்போது அனேகமாக ஒட்டாது. ஆனால் அழுத்தி இழுத்து வடிவம் கொடுத்த பிறகு லேசாகக் காந்தம் ஏறும். அண்டாவின் வளைந்த விளிம்பில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். பாலிஷ் பிடிக்கும் தூளும், அதைவிட பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூளும் அங்கே படியலாம். உங்கள் வண்டியில் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, பார்த்துவிடுங்கள் என்கிறேன். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை அந்த இடத்தில் நேராகக் காட்டவிடாதீர்கள்.

பானெட்டுக்குள் எலி நுழைந்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஊரில் வேஸ்ட் துணி எலிக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. கூடு கட்டும் இடத்தில் வயரைக் கடிக்கவும் செய்யும். பேட்டரியை இரண்டு நிமிடத்தில் சோதித்துவிடலாம்: வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது பெரும்பாலும் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில். பலவீனமான பேட்டரி இதே இரண்டு விளக்கையும் எரியவிடும், ஆனால் அது வேகத்தடையைப் பார்த்து வராது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வரும்.

நாலு சக்கரத்தின் வேகமும் ஒழுங்காக வந்து, வயர், கப்ளர், எர்த், பேட்டரி எல்லாம் நன்றாக இருந்தும் கோடு யூனிட்டையே சுட்டினால், அப்போது அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசலாம். அப்போதும் பெட்டியை மட்டும் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் சந்துக்குள் பத்து தடவை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, வேகத்தடை ஏறி இறங்குங்கள். முன் சக்கரங்களின் உள்பக்கத்தில் தண்ணீர் தெளித்து, அதையே மறுபடி செய்யுங்கள். மேம்பாலத்தில் ஏறி இறங்கிச் சிவப்பையும் பாருங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்து, கோடு எதுவும் சேராமல் இருந்தால் கோத்தகிரிக்குக் கிளம்பலாம். திரும்பி இறங்கும்போது ஏறிய அதே கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள்.